கரைந்தது மருந்தா, கல்வியா?

எது மருந்து, எது மருந்தன்று என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பை இந்த நாடு யாரிடம் ஒப்படைத்திருக்கிறது? நோயைக் கண்டறிபவர் மருத்துவர். சீட்டு எழுதித் தருபவரும் அவரே. ஆனால், சீட்டில் எழுதியது நோயாளியின் கைக்கு வந்து சேரும் அந்த நேரத்தில், புட்டிக்குள் இருப்பது மேலே ஒட்டிய பெயருக்குரிய பொருள்தானா, உரிய அளவில் இருக்கிறதா, கெடாமல் இருக்கிறதா, சேரக்கூடாத வேறொன்றோடு சேர்கிறதா என்றெல்லாம் பார்க்கக் கடமைப்பட்டவர் மருந்தாளுநர். அதற்காகத்தான் 1948ஆம் ஆண்டில் பார்மசிச் சட்டம் இயற்றினார்கள். அதற்காகத்தான் இரண்டாண்டு டி.பார்ம். படிப்பு, அதற்காகத்தான் நான்காண்டு பி.பார்ம். படிப்பு. மருத்துவர் மாலையில் மட்டும் வந்துபோகும் ஊரிலும் மருந்துக் கடை காலையிலேயே திறந்துவிடுகிறது. கூலி வேலைக்குப் போகும் வழியில், "பிள்ளைக்குக் காய்ச்சல், என்ன கொடுக்கலாம்?" என்று தாய் கேட்பது, அந்த மேசைக்குப் பின்னால் நிற்பவரிடம்தான்.

அந்த மனிதரை உருவாக்கும் வகுப்பறையில் ஹோமியோபதியைப் பற்றி என்ன கற்றுத் தருகிறோம்? இந்த ஞாயிறு உங்கள் முன் வைக்கும் கேள்வி இதுதான்.

விலைவாசி ஏறுகிறது, வேலையில்லை, இதற்கிடையே பாடத்திட்டத்தில் ஒரு வரியைப் பற்றியா பேச்சு என்று சில தோழர்கள் எண்ணக்கூடும். ஆம், ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரி, ஆண்டுதோறும் புதிதாகப் புறப்படும் மருந்தாளுநர் ஒவ்வொருவரின் அறிவுக்குள்ளும் புகுகிறது. அங்கிருந்து மக்களின் உடலுக்குள் புகுகிறது. ஆகவே கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள்.

அந்த ஒரு வரி

பார்மசி கவுன்சில் வகுத்த பி.பார்ம். பாடத்திட்டத்தில், நான்காம் பருவத்தில், பார்மகாக்னசி என்று ஒரு பாடம். செடியிலிருந்தும் பட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் மருந்துப் பொருள்களை அடையாளம் காணும் அருமையான பாடம் அது. அதற்குள்ளே, பாரம்பரிய மருத்துவ முறைகளில் இந்த அறிவின் பங்கு என்று ஒரு பகுதி: ஆயுர்வேதம், யுனானி, சித்தா, ஹோமியோபதி, சீன மருத்துவம். 2020ஆம் ஆண்டின் டி.பார்ம். பாடத்திட்டத்திலும் அப்படியே: ஆயுர்வேதம், சித்தா, யுனானி, ஹோமியோபதி ஆகிய பாரம்பரிய முறைகளின் அடிப்படைக் கொள்கைகள்.

"அடிப்படைக் கொள்கைகள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கொள்கை சரியா என்று ஆராயச் சொல்லவில்லை. சோதித்தபோது என்ன கிடைத்தது என்று கேட்கச் சொல்லவில்லை. கொள்கையை மனப்பாடம் செய், தேர்வில் எழுது, மதிப்பெண் பெற்றுக்கொள். அதோடு முடிந்தது பாடம்.

"பாரம்பரிய" என்ற சொல்லையும் கவனியுங்கள். யாருடைய பாரம்பரியம்? பொதிகை மலையில் பிறந்ததா ஹோமியோபதி? கங்கைக் கரையில் வளர்ந்ததா? ஜெர்மனியில் சாமுவேல் ஹானிமன் என்ற மருத்துவர் 1796ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். 1810ஆம் ஆண்டில் "ஆர்கனான்" என்ற நூலை வெளியிட்டார். 1843ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் காலமானார். பெற்றவர் தெரியும், பிறந்த ஆண்டு தெரியும், பிறந்த ஊர் தெரியும். சித்தரின் தாடியை அதற்கு ஒட்டவைத்து, "நம் பாட்டன் வைத்தியம்" என்ற வரிசையில் உட்காரவைத்தது யார்? அயல்நாட்டில் பிறந்தது என்பதற்காக ஒரு மருத்துவத்தை ஒதுக்குவது மடமை. பெனிசிலினும் அயல்நாட்டில் பிறந்ததுதான். ஆனால் சுதேசி என்ற பொய்ச் சான்றிதழைக் காட்டி வகுப்பறைக்குள் வருவதை எப்படி ஒப்புவது?

ஒரே பட்டை, இரண்டு பாடங்கள்

இந்தப் பாடத்தின் முரண்பாடு எங்கே வெளிப்படுகிறது தெரியுமா? சிங்கோனாப் பட்டையில்!

1790ஆம் ஆண்டில், கல்லன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஹானிமன், சிங்கோனாப் பட்டையைத் தாமே உட்கொண்டு பார்த்தார். மலேரியாக் காய்ச்சலின் குறிகள் போன்றவை தம் உடலில் தோன்றியதாக எழுதினார். மலேரியாவைப் போக்கும் பட்டை, நலமுள்ளவருக்கு மலேரியா போன்ற குறிகளைத் தருகிறது. ஆகவே, எந்தப் பொருள் எந்தக் குறியை உண்டாக்குமோ அந்தப் பொருளே அந்தக் குறியுள்ள நோயைப் போக்கும் என்று முடிவுகட்டினார். ஒத்ததை ஒத்ததால் தீர்ப்பது என்ற முதற்கொள்கை இவ்வாறு பிறந்தது. ஒரு மனிதர், ஒரு பட்டை, ஓர் அனுபவம். அதன்மேல் ஒரு முழு மருத்துவ முறை!

அதே பட்டையை வேறு இருவர் கையில் எடுத்தார்கள். பெல்தியே, கவாந்து என்ற அந்த இருவரும் பாரிஸ் நகரத்து மருந்தாளுநர்கள். ஆம் தோழர்களே, மருந்தாளுநர்கள்! 1820ஆம் ஆண்டில் பட்டையிலிருந்து கொய்னாவைத் தனியே பிரித்தெடுத்தார்கள். பிறகு 1880ஆம் ஆண்டில் லவெரான் மலேரியாக் கிருமியை உருப்பெருக்கியில் கண்டார். 1897ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். கிருமி நம் குருதிச் சிவப்பணுவைத் தின்னும்போது வெளிப்படும் நச்சை அது பத்திரமாக ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. கொய்னா அந்த வேலையைக் கெடுக்கிறது. தன் நஞ்சாலேயே கிருமி மாள்கிறது. பட்டை காய்ச்சலை ஏன் போக்கியது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஒத்தது ஒத்ததைத் தீர்த்த கதை அதில் எங்கும் இல்லை.

1860களில் நம் நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும், சிங்கோனா பயிரிட்டார்கள். அந்த மலையில் விளைந்த பட்டையின் குறுக்குவெட்டை நம் மாணவன் உருப்பெருக்கியின் கீழ் பார்க்கிறான். அதிலுள்ள காரப்பொருளைச் சோதனைக் குழாயில் காண்கிறான். அதே பாடத்தின் இன்னொரு பக்கத்தில், அந்தப் பட்டையைப் பற்றி 1790ஆம் ஆண்டில் செய்த தவறான ஊகத்தை "அடிப்படைக் கொள்கை" என்று எழுதிவைக்கிறான். இரண்டும் உண்மையாக இருக்க முடியாதே என்று அவன் எழுந்து கேட்டால், "தேர்வுக்கு வரும், படி" என்பதுதான் விடையா?

கணக்கு சொல்லும் உண்மை

இனி இரண்டாம் கொள்கை. நீர்க்க நீர்க்க வீரியம் கூடுமாம்! ஒரு பங்கு மருந்தை 99 பங்கு நீரிலோ ஆல்கஹாலிலோ கலந்து குலுக்கினால் ஒரு சி. அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் 99 பங்கில் கலந்து குலுக்கினால் இரண்டு சி. இப்படி முப்பது முறை செய்தால் முப்பது சி. கடையில் தாராளமாகக் கிடைக்கும் வீரியம் இது. ஒன்றுக்குப் பக்கத்தில் 60 பூஜ்யம் போட்ட எண்ணில் ஒரு பங்கு!

பொருள் என்பது மூலக்கூறுகளால் ஆனது. ஒரு மோல் பொருளில் ஏறத்தாழ 6க்குப் பின் 23 பூஜ்யம் போட்ட அளவு மூலக்கூறுகளே உண்டு என்பது பதினோராம் வகுப்பு மாணவனுக்கும் தெரிந்த அவகாட்ரோ எண். பன்னிரண்டாம் முறை நீர்த்தபோதே அந்த எல்லை கடந்துவிட்டது. அதற்குமேல் பதினெட்டு முறை குலுக்குவது வெறும் நீரை வெறும் நீரோடு கலந்து குலுக்குவதுதான். முப்பது சி அளவில் ஒரே ஒரு மருந்து மூலக்கூறு கிடைக்க வேண்டுமானால் எவ்வளவு நீரைக் குடிக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்: சூரியனைப் போல் ஏறத்தாழ 15,000 மடங்கு எடையுள்ள நீர்! அகத்தியர் கடலைக் குடித்தார் என்று புராணம் சொல்கிறது. இங்கே அவரும் தோற்றுப்போவார்.

இன்னொரு கணக்கு. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்த வரம்புக்கு உட்பட்ட ஒரு தம்ளர் நல்ல தண்ணீரிலேயே 200 கோடி கோடி ஆர்செனிக் அணுக்கள் வரை இருக்க முடியும். "ஆர்செனிக்கம் ஆல்பம் 30" என்று பெயர் ஒட்டிய சர்க்கரை உருண்டையில், மூலப் பொருளிலிருந்து வந்தது ஓர் அணுகூட இல்லை. சிதம்பரத்தில் பிறந்து 2009ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 2016 சனவரியில் சண்டிகர் நகரில் இதையே எடுத்துச் சொன்னார். மறுத்தவர்கள் வருந்தினார்கள், வசைபாடினார்கள்; கணக்கில் பிழை காட்டியவர் எவருமில்லை.

ஹானிமன் காலத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. அவரைக் குறை கூறவும் நாம் வரவில்லை. அவர் காலத்து மருத்துவர்கள் நோயாளியின் குருதியைக் கிண்ணம் கிண்ணமாக வடித்தார்கள்; பாதரசத்தை வாரி ஊட்டினார்கள். அந்தக் கொடுமைக்கு முன்னே, ஒன்றும் செய்யாத நீர் பலரைப் பிழைக்க வைத்திருக்கும். அன்று அது ஒரு கருணை. ஆனால் குருதி வடித்த மருத்துவம் தன் தவறைத் தானே சோதித்து, கத்தியைக் கீழே போட்டுவிட்டது. ஹோமியோபதி எந்தத் தவறைச் சோதித்துக் கீழே போட்டது? 1810ஆம் ஆண்டு நூல்தான் இன்றும் அதற்கு வேதம்.

பெயர்ச்சீட்டை மாற்றினால்?

பார்மசிக் கல்வியின் உயிர்நாடி எது? அடையாளம், தூய்மை, அளவு என்ற மூன்று. ஒரு மாத்திரையை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால், இது இன்ன பொருள், இத்தனை மில்லிகிராம், இத்தனை மாசு என்று சொல்ல முடியவேண்டும்.

2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்து, நம் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்கூடம் ஒன்றில் தயாரானது. வெட்கமும் வேதனையும் தரும் செய்தி. ஆனால் குற்றம் எப்படிப் பிடிபட்டது? தமிழ்நாட்டின் மருந்து ஆய்வகம் சோதித்தது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 விழுக்காடு என்று எண்ணால் சொன்னது. மருந்து என்ற பெயரில் நஞ்சு வந்தாலும், அதைக் காட்டிக்கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது.

இப்போது முப்பது சி வீரியமுள்ள இரண்டு புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆர்செனிக்கம், மற்றொன்றில் பெல்லடோனா. பெயர்ச்சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள். எது எது என்று உலகத்தின் எந்த ஆய்வகம் சொல்லும்? 1971ஆம் ஆண்டிலிருந்து வெளிவந்த இந்திய ஹோமியோபதி மருந்துநூலில் மூலப் பொருளுக்குச் சோதனை உண்டு. தாய்த் திரவத்துக்குச் சோதனை உண்டு. முப்பது முறை நீர்த்த பிறகு சோதிக்க என்ன மிச்சம்? விற்பவர் சொல்வதே அடையாளம். ஒட்டிய தாளே சான்று. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளையும் பாருங்கள்: 12 விழுக்காட்டுக்குமேல் ஆல்கஹால் உள்ள ஹோமியோபதி மருந்தைக் கடையில் 30 மில்லிக்கு மேற்பட்ட புட்டியில் விற்கக்கூடாது. நீர்த்த புட்டிக்குள் நிச்சயமாக இருப்பது எது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

முதல் மூன்று பருவம் முழுவதும் "அளந்து பார், சோதித்துப் பார்" என்று பழக்கிய மாணவனிடம், "இதை மட்டும் அளக்காதே, நம்பு" என்பது கல்வியா? அது அவன் கற்ற எல்லாவற்றையும் நீர்த்துப்போகச் செய்வதல்லவா?

சோதித்தவர்கள் கண்டது

"கொள்கை எப்படியோ போகட்டும், நோய் தீர்கிறதே, அது போதாதா?" என்பார்கள். நியாயமான கேள்வி. தீர்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள்.

2005ஆம் ஆண்டில் "லான்செட்" ஏட்டில் வந்த ஆய்வு, 110 ஹோமியோபதிச் சோதனைகளை எடுத்து, அதே எண்ணிக்கையிலான மற்ற மருத்துவச் சோதனைகளோடு ஒப்பிட்டது. பெரிதாகவும் ஒழுங்காகவும் நடத்திய சோதனைகளில், ஹோமியோபதியின் பயன் வெற்று மாத்திரையின் பயனோடு ஒன்றிப்போயிற்று. 2010 பிப்ரவரியில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையின் அறிவியல் குழுவும் அதே முடிவுக்கு வந்தது. 2015 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, அறுபதுக்கும் மேற்பட்ட நோய்நிலைகளைப் பார்த்துவிட்டு, ஹோமியோபதி பயன்தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று எந்த நோய்க்கும் இல்லை என்றது. 2017ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, இதை இனி எழுதித் தர வேண்டாம் என்று தன் மருத்துவர்களுக்கு வழிகாட்டியது. இதன் பெருஞ்சந்தைகளில் ஒன்றான பிரான்ஸ், 2021 சனவரி முதல் தேதியிலிருந்து, அரசுக் காப்பீட்டுப் பணத்தை இதற்குத் தருவதை நிறுத்திவிட்டது.

கல்விக்கூடங்கள் என்ன செய்தன? லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் மருந்தியல் பேராசிரியர் டேவிட் கோல்குஹூன், அறிவியல் இல்லாமல் அறிவியல் பட்டமா என்று 2007ஆம் ஆண்டில் "நேச்சர்" ஏட்டில் கேட்டார். அதன்பின் சில ஆண்டுகளில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. பார்சலோனா பல்கலைக்கழகம் 2016ஆம் ஆண்டில் தன் ஹோமியோபதி மேற்படிப்பை நிறுத்தியது. பிரான்ஸின் லீல் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு 2018ஆம் ஆண்டில் தன் பட்டயத்தை நிறுத்தி வைத்தது.

அந்தக் காமன்ஸ் குழுவின் முன், 2009 நவம்பரில், பூட்ஸ் என்ற பெரிய மருந்துக் கடை நிறுவனத்தின் அதிகாரி சாட்சி சொல்ல வந்தார். இவை வேலை செய்கின்றனவா என்று கேட்டார்கள். வேலை செய்கின்றன என்பதற்குத் தம்மிடம் சான்று இல்லை, வாங்குவோர் கேட்கிறார்கள், விற்கிறோம் என்ற பொருள்படப் பதிலளித்தார். அவருடைய நேர்மையை மெச்சலாம். ஆனால் மருந்தாளுநரின் தொழிலறம் அந்த ஒரு பதிலில் விழுந்து நொறுங்கியது. கேட்பதை எடுத்துக் கொடுப்பதற்கு நான்காண்டுப் படிப்பு எதற்கு? மளிகைக் கடைத் தராசு போதுமே!

"தீங்கில்லையே" என்பவர்களுக்கு

ஒன்றுமில்லாத உருண்டை ஒன்றும் செய்யாது, பிறகேன் இந்தக் கூக்குரல் என்பார்கள். ஒன்றும் செய்யாத உருண்டை ஒன்று செய்கிறது தோழர்களே: காலத்தைத் தின்கிறது. சளியும் வயிற்றுக் கோளாறும் தானே வந்து தானே போகும். போன பெருமை உருண்டைக்குச் சேரும். அந்தப் பெருமையை நம்பிக் காசநோய்க்காரர் மூன்று மாதம் உருண்டை சாப்பிட்டால், நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்தினால், நோய் காத்திருக்குமா? ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று தோல் படையால் வாடி, உடல் நலிந்து, 2002ஆம் ஆண்டில் இறந்தது. மருத்துவமனைச் சிகிச்சைக்கு மாற்றாக ஹோமியோபதியையே பற்றிக்கொண்டிருந்த பெற்றோரை 2009ஆம் ஆண்டில் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. தந்தை யார் தெரியுமா? ஹோமியோபதியைக் கல்லூரியில் கற்பித்தவர்! அவர் பிள்ளையை வெறுத்தவரல்லர், கற்றதை நம்பியவர். பாடம் கொல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எல்லாப் புட்டியும் வெறும் நீர் என்றும் எண்ணிவிட வேண்டாம். குறைவாக நீர்த்தவற்றில் நஞ்சு இருக்கும். பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று அமெரிக்காவில் விற்ற ஹோமியோபதி மாத்திரைகளில், பெல்லடோனாவின் அளவு ஒன்றுக்கொன்று ஒவ்வாமல், சிலவற்றில் சொன்னதைவிட மிக அதிகமாக இருந்ததை அந்நாட்டு மருந்துத் துறை 2017 சனவரியில் அறிவித்தது. ஹோமியோபதி என்ற பெயரில் மூக்கில் தடவ விற்ற துத்தநாகக் களிம்பு மோப்ப உணர்வையே பறித்ததாக 130க்கும் மேற்பட்ட புகார்கள் வந்து, 2009ஆம் ஆண்டில் அத்துறை எச்சரித்தது. எது வெறும் நீர், எது நஞ்சு என்று எக்ஸ், சி என்ற எழுத்துகளைப் பார்த்தே மருந்தாளுநர் சொல்ல வேண்டாமா? "அடிப்படைக் கொள்கை" என்ற தலைப்பின் கீழ் இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

அரசு ஒட்டிய முத்திரை

2020 சனவரி 29ஆம் நாள். கொரோனாவின் முதல் நோயாளி இந்தியாவில் உறுதிப்படுவதற்கு ஒரு நாள் முன்னே, ஆயுஷ் அமைச்சகம் அறிவுரை வெளியிட்டது: ஆர்செனிக்கம் ஆல்பம் 30, வெறும் வயிற்றில், மூன்று நாள், நோய் வராமல் காக்க! உலகம் அறிந்து ஒரு மாதமே ஆன நோய். நாட்டில் ஒரு நோயாளிகூட இல்லை. சோதனை எங்கே நடந்தது? யார்மேல் நடந்தது? கேட்பாரில்லை. குஜராத்திலும் வழங்கினார்கள், கேரளத்திலும் வழங்கினார்கள். வலது, இடது என்று எதிரெதிர் நின்றவர்கள் சர்க்கரை உருண்டையில் ஒன்றுபட்டார்கள்! கட்சிப் பெயர் எதுவானாலும் இதில் குற்றம் குற்றமே. முகக்கவசத்துக்கு அலைந்த ஏழையின் கையில் உருண்டையைத் தந்து, "நீ காக்கப்பட்டாய்" என்று அனுப்பிய பாவத்தில் எல்லோருக்கும் பங்குண்டு.

அந்த நாளில் மருந்துக் கடையில் நின்ற மருந்தாளுநரிடம், "இது காக்குமா?" என்று மக்கள் கேட்டிருப்பார்கள். என்ன சொல்வார் அவர்? படித்த பாடத்தைத்தானே சொல்வார்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். மகாராஷ்டிரத்தில் 2014ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஹோமியோபதி மருத்துவர்கள் ஓராண்டு நவீன மருந்தியல் படித்துவிட்டால், நவீன மருந்துகளை எழுதலாமாம். உருண்டையில் உலகையே குணமாக்கும் வீரியம் இருக்க, ஓராண்டு மருந்தியல் எதற்கு? மருந்தியல் மாணவனுக்கு ஹோமியோபதிக் கொள்கை. ஹோமியோபதி மருத்துவருக்கு மருந்தியல் குறுக்குவழி. இரண்டு கதவையும் திறந்துவிட்டால், இடையில் நிற்கும் நோயாளியின் கதி?

மறுப்புகளும் விடைகளும்

"அப்படியானால் சித்த மருத்துவத்தையும் எதிர்க்கிறீரா?" என்று ஒரு கணை வரும். வேலியில் படர்ந்த மூலிகையில் பொருள் இருக்கிறது. பிரிக்கலாம், அளக்கலாம், சோதிக்கலாம். பயன் உண்டா இல்லையா என்று தீர்க்கலாம். சர்ப்பகந்தி வேரிலிருந்து ரிசர்பின் 1952ஆம் ஆண்டில் அப்படித்தான் கிடைத்தது. இரத்த அழுத்தத்துக்கு மருந்தாயிற்று. சீனத்து மூலிகையைச் சோதித்து மலேரியா மருந்து கண்ட தூ யூயூ 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். சோதனையில் தேறியது மருந்து. தேறாதது எந்தச் சித்தர் பெயரில் வந்தாலும் மருந்தன்று. இந்த அளவுகோல் எல்லோருக்கும் பொது. அளக்கவே பொருளில்லாத ஒன்றை மூலிகையோடு ஒரே பந்தியில் அமர்த்துவது, மூலிகைக்குத்தான் அவமானம்.

"மருந்துக் கம்பெனிகளின் கொள்ளையை மறந்தீரா?" என்பது அடுத்த கணை. மறக்கவில்லை. காப்புரிமை என்ற பெயரில் உயிருக்கு விலை வைப்பவர்களோடு நடக்கும் போர் ஓயவில்லை, ஓயாது. ஆனால் மேலத் தெருவில் திருடன் இருக்கிறான் என்பதற்காகக் கீழத் தெருவில் ஏமாற்றுபவனுக்கு மாலை போடுவார்களா? கம்பெனியின் பொய்யை அம்பலப்படுத்தவும் சோதனை என்ற அந்த ஆயுதமே தேவை. அதை ஓரிடத்தில் மழுங்கவிட்டால் எல்லா இடத்திலும் மழுங்கும்.

"மகேந்திரலால் சர்க்காரே நம்பினாரே!" என்பது மூன்றாவது. ஆம், கல்கத்தாவின் பெரிய மருத்துவரான அவர் 1867ஆம் ஆண்டில் ஹோமியோபதிக்கு மாறினார். அவரே 1876ஆம் ஆண்டில் அறிவியல் வளர்ச்சிக்கான இந்தியக் கழகத்தை நிறுவினார். அந்தக் கழகத்தில்தான் நம் திருச்சியில் பிறந்த சி. வி. இராமன் 1928ஆம் ஆண்டில் ஒளியின் புதுமையைக் கண்டார். சர்க்கார் விட்டுச்சென்ற செல்வம் எது? அவர் நம்பிய உருண்டையா, அவர் கட்டிய ஆய்வகமா? ஆய்வகத்தை எடுத்துக்கொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

கற்பியுங்கள், உண்மையைக் கற்பியுங்கள்!

ஆகவே, ஹோமியோபதியைப் பாடத்திலிருந்து அடியோடு நீக்கிவிடு என்பதா நம் கோரிக்கை? அன்று. நீக்கிவிட்டால், கேட்கும் மக்களுக்கு விடை சொல்லத் தெரியாத மருந்தாளுநர்தான் மிஞ்சுவார். மக்கள் கேட்கிறார்கள், ஆகவே மாணவன் அறிந்திருக்க வேண்டும். கற்பியுங்கள், ஆனால் முழு உண்மையையும் கற்பியுங்கள்.

பாரம்பரியம் என்ற பொய்த் தலைப்பிலிருந்து அதை வெளியே எடுங்கள். அது எங்கே, எப்போது, எந்த ஊகத்தில் பிறந்தது என்ற வரலாற்றைச் சொல்லுங்கள். மருந்துத் தயாரிப்பு வகுப்பில், முப்பது சி நீர்த்தலின் கணக்கை மாணவன் தன் கையாலேயே போடட்டும். சோதனை முறைகள் வகுப்பில், லான்செட் ஆய்வையும் ஆஸ்திரேலிய அறிக்கையையும், அவற்றை மறுப்பவர்களின் வாதத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, அவனையே தீர்ப்புச் சொல்லச் செய்யுங்கள். குறைவாக நீர்த்த நஞ்சுகளின் பட்டியலைக் கற்றுக்கொடுங்கள். மேசைக்கு முன்னே நிற்கும் தாயின் மனம் புண்படாமல், "அம்மா, இதில் மருந்தில்லை, மூன்று நாள் காய்ச்சல் என்கிறீர்கள், மருத்துவரிடம் போங்கள்" என்று சொல்லும் பக்குவத்தையும் பழக்குங்கள். நம்புகிறவரை இகழ்வது பகுத்தறிவாகாது. அவரைக் காப்பதே பகுத்தறிவு.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று, 1976ஆம் ஆண்டின் திருத்தத்தால் அரசியலமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவில் எழுதிவைத்தார்கள். குடிமகனுக்குக் கடமை என்றால், பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு விலக்கா?

கழனியில், ஆலையில், அலுவலகத்தில் உழைக்கும் தோழர்களே! உங்கள் பிள்ளைகள் பார்மசிக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அவர்களுடைய பாடக் குறிப்பை ஒருநாள் வாங்கிப் பாருங்கள். மாணவர் மன்றங்களில் இதை விவாதமாக்குங்கள். ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்கள் பாடத்திட்டக் குழுவில் தீர்மானம் கொண்டுவாருங்கள். மருந்தாளுநர் சங்கத் தோழர்கள் பார்மசி கவுன்சிலுக்கு எழுதுங்கள். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நம் உறுப்பினர்கள் கேள்வி எழுப்பட்டும்: சோதனையில் தேறாத கொள்கைக்கு அரசுப் பாடத்தில் மதிப்பெண் ஏன்?

ஏழைக்கு மருந்துக் கடையே முதல் மருத்துவமனை. அங்கே நிற்பவர் சொல்லும் சொல் மெய்யாக இருக்க வேண்டும். அந்த மெய் கரையாமல் காப்பது நம் பொறுப்பு!